கார் விளம்பரம் ஏன் இவ்வளவு நீளம்?

“என்ன மாப்ள, வாசல்ல புதுக் கார் நிக்குது?”

“ஆமா மாமா, நேத்துத்தான் டெலிவரி எடுத்தேன்.”

“அட, எங்கப்பா எடுத்த?”

ரேடியோவில் இந்த மூன்று வரி வந்துவிட்டால் அடுத்த ஒரு நிமிடம் போனது போனதுதான். மாப்பிள்ளை ஷோரூமின் பெயரை முழுசாகச் சொல்வார். மாமா அதைத் திருப்பிக் கேட்பார். மாப்பிள்ளை மறுபடியும் சொல்வார். அப்புறம் எந்தப் பேருந்து நிலையத்துக்கு எதிரில், எந்தெந்த ஊரில் கிளை, குறைந்த முன்பணம், எக்ஸ்சேஞ்ச் போனஸ், அரை மணி நேரத்தில் லோன், போன் நம்பர் இரண்டு தடவை, கடைசியில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற குரலில் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’. உலகத்தில் எந்த மாப்பிள்ளையும் எந்த மாமாவிடமும் இப்படிப் பேசியதில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில்கூட இவ்வளவு விவரம் சொல்ல மாட்டார்கள்.

இதை எழுதியவருக்கு எழுதத் தெரியவில்லை, பணம் கொடுத்தவருக்கு ரசனை இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஒரே மாதிரியான விளம்பரம் ஊர் ஊராக, வருடக்கணக்கில், கார் கம்பெனி மாறினாலும் மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது என்றால் அதைத் தனி ஆளின் ரசனைக் குறை என்று சொல்ல முடியாது. அது அப்படி நீளமாக வந்து விழுவதற்கு வியாபாரக் காரணங்கள் இருக்கின்றன. எரிச்சல்படுகிறவர்கள் அந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை என்பதுதான் விஷயம்.

முதலில் இது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் தனியார் பண்பலை உரிமம் கிடைத்த ஊர்கள் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, நெல்லை, தூத்துக்குடி, சேலம், ஈரோடு, வேலூர். நம் ராமநாதபுரம் அதில் இல்லை. ஆகவே நம் கடற்கரையில் கேட்பது பெரும்பாலும் பக்கத்து ஊரிலிருந்து வழிந்து வருகிற ஒலிதான். பரமக்குடிப் பக்கம் மதுரை கேட்கும். சாயல்குடி, மூக்கையூர்ப் பக்கம் தூத்துக்குடியைப் பிடிக்கலாம். பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிற அலை. ஆண்டெனாவின் உயரத்தையும் நடுவில் இருக்கும் மறைப்பையும் பொறுத்துத்தான் அதன் தூரம். கடலில் மறைப்பு ஏது? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அதனால் ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் போனால் இலங்கைத் தமிழ்ப் பண்பலைகள் மதுரையைவிடத் தெளிவாகக் கேட்கும். கொழும்பு ஷோரூமின் தவணைத் திட்டத்தை இலங்கை ரூபாயில் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டுகிற பாக்கியம் இந்தியாவில் நம்மைப் போன்ற சிலருக்குத்தான்.

சரி, நீளத்துக்கு வருவோம்.

ரேடியோவில் நேரத்தைப் பத்து விநாடி அளவில் விற்கிறார்கள். இருபது, முப்பது, அறுபது என்று வாங்குகிறவர் இஷ்டம். விலை எந்த அளவில் இருக்கும் என்பதற்கு ஒரு குறிப்பு: உள்ளூர் மக்களுக்காக நடக்கும் சின்ன நிலையங்களான சமூக வானொலிகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் விளம்பரக் கட்டணம் பத்து விநாடிக்கு 52 ரூபாயாக இருந்து 2024-இல் 74 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் முழுசாக ஒரு நிமிடம் பேச 444 ரூபாய். தனியார் நிலையங்களின் கட்டணம் இதிலிருந்து வேறுபடும். ஆனாலும் ஒரு காரின் விலைக்கு முன்னால் ரேடியோ நிமிடம் சில்லறைக் காசு. பத்திரிகையில் கால் பக்கம் கேட்டால் யோசிக்கிற முதலாளி, ரேடியோவில் “இன்னும் முப்பது விநாடி போட்டுக்கலாமா சார்?” என்று கேட்டால் யோசிப்பதில்லை.

நிலையத்தின் பக்கம் இன்னொரு நெருக்கடி உண்டு. பிடித்த மீனை ஐஸ் போட்டு மறுநாளாவது விற்கலாம். இன்று மதியம் மூன்று மணிக்கு விற்காமல் போன பத்து விநாடியை நாளைக்கு விற்க முடியாது. ஆகவே காலி நேரத்தைச் சும்மா விடுவதைவிட, ஏற்கெனவே பணம் கட்டியவருக்கு ‘போனஸ் ஸ்பாட்’ என்று கொடுத்துவிடுகிறார்கள். மதியத்திலும் இரவிலும் ஒரே மாமா, ஒரே மாப்பிள்ளை பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் வந்து நிற்பது இப்படித்தான். அவ்வளவு தடவை வேண்டும் என்று யாரும் திட்டம் போட்டிருக்க வேண்டியதில்லை. நேரம் மிச்சம் இருந்தால் போதும்.

அடுத்து எழுதுகிற இடம். பெரிய கம்பெனியின் தேசிய விளம்பரத்துக்கு ஏஜென்சி, எழுத்தாளர், இசையமைப்பாளர் என்று ஒரு படையே இருக்கும். உள்ளூர் டீலருக்கு அப்படி யாரும் கிடையாது. நிலையத்தின் விற்பனைப் பிரதிநிதி வருவார், பேக்கேஜ் பேசுவார், நிலையத்திலேயே இருக்கும் ஒருவர் எழுதுவார். அங்கேயே இருக்கும் இரண்டு குரல் மாமாவும் மாப்பிள்ளையும் ஆகும். முதல் பிரதி ஓரளவு நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். அது ஷோரூமுக்குப் போகும். அங்கே முதலாளி, “கிளை பேர் எல்லாம் சேருங்க” என்பார். சர்வீஸ் மேனேஜர், “இலவச செக்கப் கேம்ப் விட்டுப்போச்சு” என்பார். லோன் பார்க்கிறவர் வட்டியைச் சேர்க்கச் சொல்வார். ஒவ்வொரு கிளை மேனேஜருக்கும் தன் ஊர்ப் பெயர் வர வேண்டும். வராவிட்டால் மனஸ்தாபம். ஒரு வரியை எடுக்கச் சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை. எடுத்தால் யாருக்கு லாபம்? கேட்கிறவனுக்கு. அவன் அந்த அறையில் இல்லை.

தமிழின் உருவமும் இதில் கொஞ்சம் பங்கு கேட்கிறது. நம் சொற்கள் நீளம். ‘ராமநாதபுரம் புதிய பேருந்து நிலையம் எதிரில்’ என்பதை அவசரமில்லாமல் சொல்லிப் பாருங்கள், மூன்று நான்கு விநாடி ஓடிவிடும். ‘பரமக்குடி, கீழக்கரை, முதுகுளத்தூர், ராமேஸ்வரம்’ இன்னொரு மூன்று. பத்து இலக்க நம்பர் நான்கைந்து விநாடி, இரண்டு தடவை என்றால் பத்து. காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே முப்பது விநாடியில் பாதி காலி. மிச்சத்தையும் சொல்ல வேண்டுமென்றால் ஒன்று நேரம் கூட வேண்டும், அல்லது வேகம் கூட வேண்டும். இரண்டையும் கூட்டிவிடுகிறார்கள். இப்போது கணினியிலேயே மூச்சு விடும் இடைவெளிகளை வெட்டி எடுத்துவிடலாம். ஆள் மூச்சு விடாமல் பேசுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் அவர் மூச்சை வெட்டி வீசிவிட்டார்கள் என்பதுதான்.

இனி பணத்தின் பக்கம். கார் விளம்பரத்தில் உள்ள ஒரு விசேஷம், செலவில் ஒரு பங்கைப் பல நேரங்களில் கார் தயாரிப்பாளரே ஏற்பது. அமெரிக்காவில் இது ரொம்ப காலமாக ஊறிப்போன ஏற்பாடு. இங்கேயும் டீலர்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால் அந்தப் பங்கு சும்மா வராது. மாடலின் பெயரை இப்படித்தான் உச்சரிக்க வேண்டும், கம்பெனியின் கோஷத்தை மாற்றக் கூடாது, இந்த மாதச் சலுகையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நிபந்தனைகள் வரும். டீலர் தன் கடையின் பெயரைச் சொல்ல விரும்புகிறார், கம்பெனி தன் காரின் பெயரைச் சொல்லச் சொல்கிறது. இரண்டு விளம்பரத்தை ஒரே விளம்பரத்தில் திணித்தால் நீளம் இரட்டிப்பாவதில் என்ன ஆச்சரியம்?

அமெரிக்காவைச் சொன்னதால் ஒரு கிளைக்கதை. கார் டீலர் விளம்பரத் தொல்லை என்பதற்கே பிறந்த வீடு அந்த ஊர்தான். கலிஃபோர்னியாவில் கேல் வொர்த்திங்டன் என்று ஒரு டீலர் இருந்தார், 2013-இல் இறந்துபோனார். ‘என் நாய் ஸ்பாட்’ என்று சொல்லிக்கொண்டு தொலைக்காட்சியில் புலியையும் யானையையும் கூட்டிவருவார். நாய் வந்ததே இல்லை. அவரைத் திட்டாதவர் இல்லை, தெரியாதவரும் இல்லை. அங்கே கடைசியில் வரும் ரயில் வேகப் பேச்சுக்குச் சட்டக் காரணமும் உண்டு. மாதத் தவணை இவ்வளவு என்றோ முன்பணம் இவ்வளவு என்றோ ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால், கடனின் மற்ற விவரங்களையும் ஆண்டு வட்டி வீதத்தையும் சொல்லியாக வேண்டும் என்பது அந்நாட்டுக் கடன் வெளிப்படைத்தன்மை விதி. எண்ணைச் சொல்லும் ஆசையையும் விட மாட்டார்கள், விவரத்துக்கு நேரம் கொடுக்கவும் மாட்டார்கள். ஆகவே கடைசிப் பத்து விநாடி அந்தக் கதியாகிறது. விதி கேட்பவனைக் காப்பாற்ற வந்தது. அவன் காதில் விழுவது என்னவோ இரைச்சல்தான்.

நம் ஊரிலும் இதே கதை, சின்ன அளவில். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் எச்சரிக்கை வரி ஒரு காலத்தில் இரண்டு விநாடியில் பறந்து போனது. 2008-இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி தலையிட்டு அதற்கு ஐந்து விநாடி ஒதுக்கச் சொன்னது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல், விளம்பரத்தில் எந்த மொழியில் வாக்குறுதி கொடுக்கிறார்களோ அதே மொழியில்தான் நிபந்தனையையும் சொல்ல வேண்டும் என்கிறது. சலுகையைத் தேன் தமிழில் சொல்லிவிட்டு நிபந்தனையை ஆங்கிலத்தில் முணுமுணுப்பது கூடாது. ரேடியோவை ஒரு மணி நேரம் திறந்து வைத்துக் கேட்டால் இந்த வழிகாட்டுதலை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

எரிச்சலுக்கு நீளம் மட்டும் காரணமில்லை. ஒலியின் தன்மை இருக்கிறது. பாட்டில் மெதுவான இடமும் உரத்த இடமும் மாறி மாறி வரும். விளம்பரக் குரலை இறுக்கிப் பிழிந்து எல்லா இடத்திலும் ஒரே உரப்பில் வைத்திருப்பார்கள். உச்ச அளவு பாட்டின் அளவேதான், ஆனால் சராசரி அதிகம், காது சராசரியைத்தான் உணர்கிறது. இதிலே நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. கூவி விற்கும் குரலின் கூர்மை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. விளம்பரத்தின் உரப்புக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த அமெரிக்காவின் 2010 சட்டம்கூடத் தொலைக்காட்சியோடு நின்றுவிட்டது, ரேடியோவைத் தொடவில்லை.

கார் விளம்பரத்துக்கென்று தனியாக ஒரு குற்றச்சாட்டும் என்னிடம் உண்டு. ஹார்ன் சத்தம். விளம்பரம் கார் பற்றியது என்று தெரிய வேண்டுமாம், அதற்காக ஆரம்பத்திலேயே ஒரு ஹார்ன், ஒரு டயர் கிறீச்சிடல். இதைக் கேட்பவர்களில் பலர் அந்த நேரத்தில் வண்டிதான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி தாண்டி இரவில் போகும்போது பின்னால் லாரி ஒட்டிக்கொண்டு வருகிறதோ என்று கண்ணாடியைப் பார்க்க வைத்த விளம்பரம், எந்தக் காரையும் விற்றிருக்காது என்றே நினைக்கிறேன்.

இவ்வளவு தொல்லை என்றால் ஏன் நிறுத்துவதில்லை? இங்கேதான் முக்கியமான ஓட்டை. யார் எந்த நிலையத்தைக் கேட்கிறார்கள் என்பதை அளக்க 2007-இல் ‘ராம்’ என்ற ரேடியோ நேயர் கணக்கெடுப்பு தொடங்கியது. அது டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு என்ற நான்கு நகரங்களுக்குள் இயங்கியது. மதுரைக்கு இல்லை, ராமநாதபுரத்தின் பேச்சே இல்லை. ஆக உள்ளூர் டீலர் தன் விளம்பரம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான்: ஷோரூமுக்குள் நுழைகிறவரிடம், “எப்படிண்ணே தெரிஞ்சு வந்தீங்க?” என்று கேட்பது. மாதத்துக்கு நாலு பேர் “ரேடியோல கேட்டேன்” என்றால் போதும், அந்த மாதச் செலவு தேறிவிட்டது. அந்த நாலு பேருக்கு அப்பால் விளம்பரம் வந்த உடனே ஸ்டேஷனை மாற்றியவர்கள், பென் டிரைவுக்குப் போனவர்கள், அந்த ஷோரூம் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் ஷோரூமுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதில்லை. வந்தவரை மட்டும் எண்ணினால் எந்த விளம்பரமும் வெற்றிதான்.

இன்னொரு கோணமும் இருக்கிறது. ஒரு நேரத்தில் கார் வாங்கும் எண்ணத்தோடு இருப்பவர்கள் கேட்பவர்களில் மிகச் சிலர். சோப்பு, தேயிலை மாதிரி எல்லோரும் வாங்கும் பொருள் இல்லை இது. டீலர் பேசுவது அந்தச் சிலரிடம் மட்டும். வாங்கும் எண்ணத்தில் இருப்பவருக்கு முன்பணம் எவ்வளவு, பழைய வண்டிக்கு என்ன கிடைக்கும் என்பதெல்லாம் செய்தி. அவர் அந்த ஒரு நிமிடத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார். மீதிப் பேருக்கு அது தண்டனை. தவிர, மீதிப் பேர் என்றைக்காவது வாங்க நினைக்கும்போது பெயர் நினைவில் இருந்தால் போதும் என்று கணக்கு. திரும்பத் திரும்பக் கண்ணில், காதில் பட்ட பொருளின் மேல் மனசுக்குத் தானாகவே ஒரு சாய்வு வருகிறது என்று 1968-இல் உளவியலாளர் ராபர்ட் சயோன்க் காட்டினார். விளம்பர உலகம் அந்தப் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அளவு தாண்டினால் அந்தச் சாய்வு வெறுப்பாகத் திரும்பும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொன்ன மீதிப் பாதியை வசதியாக மறந்துவிட்டது.

நீளம்தான் குற்றம் என்றும் நான் சொல்லவில்லை. நம் கடற்கரைக்கு அது நன்றாகத் தெரியும். 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் தீவுக்குச் சாலை வழியே கிடையாது. தீவில் கார் பெருகுவதற்கு வெகு காலம் முன்பே ரேடியோ பெருகிவிட்டது, அதுவும் இலங்கை வானொலி. 1950-இல் அங்கே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. நம் அகில இந்திய வானொலியில் விளம்பரம் 1967-இல்தான் தலைகாட்டியது. நடுவில் இருந்த காலத்தில் இந்தியச் சரக்கின் விளம்பரத்தையே கடல் தாண்டி வந்த குரலில் கேட்டார்கள். அங்கே அறிவிப்பாளர்களாக இருந்த மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று பெயர் சொன்னால் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் பெரியவர்கள் இன்றைக்கும் நிமிர்ந்து உட்காருவார்கள். புதுப்படங்களுக்குக் கால் மணி நேர விளம்பர நிகழ்ச்சியே வரும். ஒரு நிமிடம் இல்லை, பதினைந்து நிமிடம். அதை நேரம் பார்த்துக் காத்திருந்து கேட்டார்கள். பாட்டு இருந்தது, வசனத் துண்டு இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அறிவிப்பாளர் எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசினார். இன்றைய மாப்பிள்ளை மாமாவிடம்கூடப் பேசுவதில்லை, சுவரைப் பார்த்து விலாசம் ஒப்பிக்கிறார்.

கட்டுப்பாடு வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கவும் தூரம் போக வேண்டாம். பாம்பனில் 90.4-இல் ஒலிக்கும் கடல் ஓசை, மீனவர்களுக்காக 2016-இல் தொடங்கிய சமூக வானொலி. சமூக வானொலிகளுக்கு ஒலிபரப்புச் சக்தி பொதுவாக நூறு வாட்தான், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் பெரிது. விளம்பரத்துக்கும் வரம்பு உண்டு: மணிக்கு ஐந்து நிமிடம் என்று தொடங்கி, ஏழாகி, 2024-இல் பன்னிரண்டு நிமிடம் ஆனது. நேரம் அளந்து கிடைக்கும்போது அரை மணி நேர லோனையும் ஆறு கிளையையும் அடுக்க இடம் இருக்காது. காற்றின் வேகம், அலையின் உயரம் சொல்வதற்கு நடுவில் உள்ளூர்க் கடைக்காரர் இரண்டு வரி சொல்லிவிட்டுப் போவார். பன்னிரண்டு நிமிடம் என்பது நிலையங்கள் பிழைத்திருக்கத் தேவையான வருமானம், அதைக் குறை சொல்ல மாட்டேன். தொலைக்காட்சிக்கும் விதிப்படி அதே பன்னிரண்டுதான் என்பதை மட்டும் சேர்த்து நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது நீளத்தால் இல்லை, அவ்வளவு நீளத்திலும் இங்கே இருப்பவருக்கு வேண்டியது ஒன்றும் வராததால். கடற்கரையில் கார் வாங்குபவரின் முதல் கவலை துரு. உப்புக்காற்று அடிப்பாகத்தைத் தின்னும். மீன் பெட்டி ஏற்றும் லோடு வண்டியில் உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அண்டர்பாடி கோட்டிங்குக்கு எவ்வளவு, துருவுக்கு வாரன்டி உண்டா, அதில் கடலோரத்துக்கு விலக்கு ஏதும் வைத்திருக்கிறார்களா? யாரும் சொல்வதில்லை. ராமேஸ்வரத்தில் யாத்திரிகர் வண்டி ஓட்டுபவருக்கு வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. பாகம் ராமநாதபுரத்திலேயே கிடைக்குமா, மதுரையிலிருந்து வர வேண்டுமா என்பது அவருக்கு எக்ஸ்சேஞ்ச் போனஸைவிடப் பெரிய கேள்வி. கீழக்கரையில் துபாயிலிருந்து விடுமுறைக்கு வருகிறவருக்கு, வந்திறங்கிய வாரத்தில் வண்டி கிடைக்குமா, திரும்பிப் போன பிறகு ஒரு வருடம் ஷெட்டில் நின்றால் பேட்டரி என்னாகும் என்பது கேள்வி. விளம்பரம் மதுரையில் எழுதப்படுகிறது. அங்கே உப்புக்காற்று இல்லை.

நாள்காட்டியும் மதுரையின் நாள்காட்டிதான். மார்ச் கணக்கு முடிப்பு, கோடைச் சலுகை, ஆடித் தள்ளுபடி, ஆயுத பூஜை, தீபாவளி. 2025 செப்டம்பர் 22-இல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது வரிக்குறைப்பும் ஆயுத பூஜையும் பத்து நாளுக்குள் மோதிக்கொண்டன. நம் கடற்கரையின் பணம் வேறு கணக்கில் ஓடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கரையில் ஏறி நிற்கும், வலை பின்னலும் இன்ஜின் பழுதும் நடக்கும், கையில் இருப்பது செலவாகும். கோடைச் சலுகை, ‘இன்றே முந்துங்கள்’ என்று தொண்டை கிழியக் கத்துவது சரியாக அந்த நாட்களில். ஜூன் பாதியில் படகுகள் இறங்கும், இறால் வரும், கணவாய் வரும், பழைய கடன் கொஞ்சம் தீரும், சிலர் லோடு வண்டி மாற்றலாமா என்று யோசிப்பார்கள். அப்போது மாமாவும் மாப்பிள்ளையும் ரேடியோவில் இருக்க மாட்டார்கள். ஆடிக்குத்தான் திரும்பி வருவார்கள்.